பிள்ளைகள் எனும் அமானிதம்

வியாபாரிகளாகிய நமக்கு அமானிதம் என்ற சொல்லின் கனம் நன்கு தெரியும். ஊருக்குப் போகிற ஒருவர் தம் நகையை நம் கடைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், அவர் திரும்பி வரும்வரை நமக்கு நிம்மதியான உறக்கம் இல்லை. கல்லாவுக்குப் பூட்டு, கடைக் கதவுக்கு இரண்டு பூட்டு, அதற்கு மேல் கேமரா என்று காவல் வைக்கிறோம். இரவில் கணக்குப் பார்க்கும்போது ஐந்து ரிங்கிட் குறைந்தால் மூன்று தரம் எண்ணுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை இன்று யாரோடு பேசியது, எங்கே போயிற்று, யார் அதற்கு என்ன அனுப்பினார்கள் என்ற கணக்கை நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் எழுப்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இப்பாடத்தை எழுதத் துணிந்தோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஆயினும் கடைக்காரன் நாலு பேரைப் பார்க்கிறவன். நாலு வீட்டுச் செய்தியையும் கேட்கிறவன். சட்டம் சொல்வதையும் நாட்டில் நடந்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்ட அளவில் சொல்லுகிறோம்.

நம் ஊரில் நடந்தவை

பெட்டாலிங் ஜெயா வசதியான ஊர் என்று பெயர் எடுத்தது. "இங்கே என்ன ஆகிவிடப்போகிறது?" என்று நாம் நினைப்பதுண்டு. நடந்தவற்றை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம்.

2007 ஆகஸ்ட் 20ஆம் தேதி, கோலாலம்பூர் வங்சா மாஜுவில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டுக்கு அருகிலிருந்த இரவுச் சந்தைக்குத் தனியே போனாள், திரும்பி வரவில்லை. செப்டம்பர் 17ஆம் தேதி அவளுடைய உடல், நமது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைக் கட்டடத்தில், ஒரு பைக்குள் கண்டெடுக்கப்பட்டது. கொன்றவன் இன்னான் என்று நிரூபித்துத் தண்டனை வாங்கித்தர முடியவில்லை. அதற்கு நான்கு மாதம் கூட ஆகாத நிலையில், 2008 ஜனவரி 9ஆம் தேதி, தாமான் மேடானில் வீட்டருகே விளையாடப் போன 5 வயதுச் சிறுமி காணாமற் போனாள். அவள் திரும்பவேயில்லை. இந்த வேதனைக்குப் பின்னர்தான், சிறு பிள்ளை காணாமற் போனால் நாடெங்கும் உடனே செய்தி பரப்பும் ஏற்பாடு 2011இல் வந்தது. முதற் சிறுமியின் பெயரையே தாங்கி அதனை 'நூரின் எச்சரிக்கை' என்கிறார்கள்.

இவை பழைய கதை என்று யாரும் சொல்லவேண்டாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதி காலை, இதே பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில், ஓர் இடைநிலைப் பள்ளிக்குள்ளேயே 16 வயது மாணவி ஒருத்தி கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தாள். அப்பள்ளியில் படித்த 14 வயது மாணவன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை, நமதன்று. ஆனால் அச்சம்பவத்துக்குப் பிறகு நாடு முழுதும் எழுந்த கேள்வி நமக்கும் உரியது. பள்ளி மதிலுக்குள் இருக்கும் பிள்ளையின் மனத்தில் என்ன புகுகிறது, எந்த வழியாகப் புகுகிறது, அதை யார் கவனிக்கிறார்கள் என்பதே அது.

முன் இரண்டு சம்பவங்களில் ஆபத்து தெருவில் இருந்தது. மூன்றாவதில் அது பள்ளிக்குள்ளே வந்தது. இனி நாம் சொல்லப்போவது வீட்டுக்குள்ளே, படுக்கையறைக்குள்ளே, தலையணைக்கடியிலே வந்து படுத்திருக்கும் ஆபத்து.

கைப்பேசி என்னும் வாசல்

முன்பெல்லாம் வாசற்கதவைச் சாத்தினால் அந்நியன் உள்ளே வரமுடியாது. இன்று பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியே ஒரு வாசல். அதற்குத் தாழ்ப்பாள் போட நம்மில் பலருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதால் வாசல் மூடிக்கொள்ளாது.

கெடுநினைப்புக்காரன் எப்படி வருகிறான் என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். முதலில் அவன் கெட்டவனாக வருவதில்லை. பிள்ளை விளையாடும் இணைய விளையாட்டிலே கூட்டாளியாக வருகிறான். தானும் 13 வயதுப் பையன் என்கிறான். நன்றாக ஆடுகிறாய் என்று புகழ்கிறான். விளையாட்டில் செலவழிக்கும் நாணயத்தையோ வைரத்தையோ இனாமாகக் கொடுக்கிறான். பிறகு, "இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா, டெலிகிராமுக்கு வா" என்று தனி இடத்துக்கு அழைக்கிறான். அடுத்து, "இதை உன் அத்தாவிடமும் உம்மாவிடமும் சொல்லாதே" என்கிறான். கடைசியில் ஒரு படம் கேட்கிறான். படம் கைக்கு வந்தவுடன் பேச்சு மாறுகிறது: "இன்னும் அனுப்பு, பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் பள்ளிக்கூடத்தார் அனைவருக்கும் காட்டிவிடுவேன்" என்று மிரட்டுகிறான்.

வியாபாரத்திலே இந்த வித்தையை நாம் கண்டதில்லையா? முதலில் சிறு சரக்கைக் கடனாகக் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லக் கழுத்தைப் பிடிக்கிற ஆசாமிகளை நாம் அறிவோம். நாற்பது வயது வியாபாரியே ஏமாறுகிற வலையில், பத்து வயதுப் பிள்ளை விழுவதில் ஆச்சரியம் என்ன?

எங்கோ ஒன்றிரண்டு வீட்டில் நடப்பது என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கைச் சொல்லுவோம். ஐக்கிய நாடுகளின் யுனிசெஃப், எக்பாட், இன்டர்போல் ஆகிய மூன்றும் சேர்ந்து நமது நாட்டில் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. இணையத்தைப் பயன்படுத்தும் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில், குறைந்தது 100க்கு 4 பேர் அதற்கு முந்திய ஓராண்டில் இணையத்தின் வழியே பாலியல் கொடுமைக்கு ஆளாயினர் என்று அது காட்டிற்று. நாடளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,00,000 பிள்ளைகள். வாய் திறந்து சொன்னவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது.

அந்நியனும் அறிந்தவனும்

"அந்நியரோடு பேசாதே" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். அது பாதிப் பாடம். பிள்ளைக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளை முன்பே அறிந்தவர்கள் என்பதே மேற்சொன்ன ஆய்வு தந்த பெரிய எச்சரிக்கை.

ரிச்சர்ட் ஹக்கிள் என்ற இங்கிலாந்துக்காரன், தொண்டு செய்பவன் போலவும் ஆங்கிலம் கற்பிப்பவன் போலவும் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்கிடையே பழகினான். 2006 முதல் 2014 வரை அவன் சிறு பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமைகளுக்காக, 71 குற்றங்களின் பேரில் 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. எட்டு ஆண்டுக்காலம் அவனை யாரும் சந்தேகிக்கவில்லை. காரணம், அவன் நல்லவன் வேஷத்தில் இருந்தான். 2024 செப்டம்பர் 11ஆம் தேதி, சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் அறநிலையங்கள் என்ற பெயரில் நடந்துவந்த 20 இல்லங்களைப் போலீஸார் சோதனையிட்டு 402 பிள்ளைகளை மீட்டனர். மார்க்கத்தின் பெயரும் உண்டியலும் அங்கும் இருந்தன. தர்மம் கேட்டு வருவோரை வெறுங்கையோடு அனுப்பாத சமுதாயம் நம்முடையது. அது நல்ல குணந்தான். ஆனால் பிள்ளைகளின் பெயரால் கேட்கப்படும் காசு, அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறதா, அவர்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்து கொடுப்பது தர்மத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.

ஆகவே பிள்ளைக்கு ஆள் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதைவிட, செயல் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதே சரி. உன் உடம்பின் மறைவிடத்தை யாரும் தொடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. யாராயிருந்தாலும், "வீட்டில் சொல்லாதே" என்று சொன்னால் அதை முதலில் வீட்டில் சொல். மாமா ஆனாலும், டியூஷன் ஆசிரியர் ஆனாலும், வேன் ஓட்டுநர் ஆனாலும், உஸ்தாத் ஆனாலும், கடை வேலையாள் ஆனாலும் இந்த விதி ஒன்றே. இதை ஐந்து வயதிலேயே சொல்லலாம். வெட்கப்படும்படியான பேச்சு என்று தள்ளிவைத்தால், அந்தப் பேச்சை வேறொருவன் கெட்ட முறையில் தொடங்குவான்.

உஸ்தாதுமார்களையும் உபாத்தியாயர்களையும் அவமதிப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் மதிப்புக்குரியவர். ஆனால் நேர்மையான கணக்கப்பிள்ளை, முதலாளி கணக்குப் பார்ப்பதைக் கண்டு கோபிப்பதில்லை. அது தனக்கும் பாதுகாப்பு என்பதை அவர் அறிவார். மதரஸா வகுப்பறையின் கதவு திறந்திருக்கட்டும். கதவில் கண்ணாடி இருக்கட்டும். ஒரு பிள்ளை மட்டும் தனியே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் இருக்கும் நிலை வேண்டாம். ஆசிரியர் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய செய்தி, பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே போகட்டும். இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு மதரஸா நிர்வாகமும் எழுத்தில் வைத்துக்கொள்வது நலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டு, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே நம் நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் அதில் பிள்ளைகளே. பிள்ளையோடு ஆபாசமாகப் பேசினாலோ எழுதினாலோ 3 ஆண்டு வரை சிறை. கெட்ட எண்ணத்துடன் பிள்ளையை நயமாகப் பழக்கி வசப்படுத்தினால், தொடாவிட்டாலும், 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அப்படிப் பழக்கிய பிள்ளையை நேரில் சந்தித்தால் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். குற்றம் செய்தவர் உறவினர், ஆசிரியர், பயிற்சியாளர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவரானால், அதற்கு மேலும் தண்டனை கூடும். பிள்ளையின் சொல் சிறு வயதின் சொல் என்று தள்ளப்படாது. பிள்ளை சாட்சி சொல்லத் தக்கது என்றே நீதிமன்றம் கொள்ளும்.

யாவரும் மனத்தில் பதிக்கவேண்டிய பிரிவு ஒன்று உண்டு. இத்தகைய குற்றம் நடந்ததையோ நடக்கவிருப்பதையோ அறிந்தும் போலீஸுக்குத் தெரிவிக்காமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். அதாவது, மூடி மறைப்பதும் குற்றம்.

பகடிவதைக்கும் இப்போது சட்டம் உண்டு. 2024 ஜூலையில், டிக்டாக்கின் மூலம் பலருக்கும் அறிமுகமாயிருந்த ஒரு தமிழ்ப் பெண், இணையத்தில் இழிசொல்லுக்கும் மிரட்டலுக்கும் ஆளானபின் தலைநகரில் உயிரிழந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு அன்றைய சட்டப்படி விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட். இதைக் கேட்டு நாடே கொதித்தது. தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் அமலுக்கு வந்தன. இணைய நிறுவனங்களுக்குப் பொறுப்பைச் சுமத்தும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க விடுவதில்லை என்ற முடிவையும் அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் அத்தகைய தடை 2025 டிசம்பர் 10 முதல் வந்துவிட்டது. ஆனால் அத்தாவின் பெயரில் கணக்கைத் திறந்து மகன் கையில் கொடுத்தால், எந்தச் சட்டம்தான் என்ன செய்யும்?

மானம் யாருடையது?

இந்தப் பாடத்தில் நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வந்துவிட்டோம். நம்மவர் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், முதலில் எழும் பேச்சு எது? "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நாளைக்கு மாப்பிள்ளை யார் தருவார்? பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்வோம்." இப்படிப் பேசுவோர் கெட்டவர்கள் அல்லர், பிள்ளைக்கு நன்மை செய்வதாகவே எண்ணுகிறார்கள். ஆயினும் அதன் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். தீங்கு செய்தவன் வேறு தெருவுக்குப் போகிறான். அங்கே வேறொரு பிள்ளை அவனிடம் சிக்குகிறது. நம் பிள்ளையோ, தனக்கு நேர்ந்தது தன் குற்றம் என்றும், அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்றும் எண்ணிக் குமைகிறது.

கடையில் திருடு போனால் திருடனுக்கு மானக்கேடா, கடைக்காரனுக்கு மானக்கேடா? திருடனுக்கே. இங்கும் நியாயம் அதுதான். சங்கத்தில் பேசித் தீர்க்கத்தக்கவை பல உண்டு. கடன், பாகம், குடும்பச் சண்டை எல்லாம் பேசலாம். பிள்ளைக்கு இழைத்த கொடுமை பேசித் தீர்க்கும் விவகாரம் அன்று. அதற்குப் போலீஸ் நிலையமே இடம்.

பிள்ளை வந்து சொன்னால் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். இரண்டாவது, கைப்பேசியில் உள்ளதை அழிக்காதீர்கள்; பேச்சு, படம், எண், பெயர், தேதி எல்லாம் சாட்சியம். படத்தை வேறு யாருக்கும் அனுப்பவும் கூடாது. நேரே போலீஸாரிடம் காட்டுங்கள். மூன்றாவது, மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். நான்காவது, உடனே தெரிவியுங்கள். அவசரத்துக்கு 999. இரவு பகல் எந்நேரமும் ஆலோசனைக்கு 'தாலியான் காசே' 15999. பிள்ளை ஏமாந்து பணம் அனுப்பிவிட்டிருந்தால், தாமதிக்காமல் 997.

கடைக்காரர் வீட்டின் தனிக் கஷ்டம்

சம்பளக்காரர் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார். நாமோ காலையில் திறந்தால் இரவு பத்து, பதினொன்று ஆகும். பிள்ளை பள்ளி விட்டு வந்து, கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைக்கருகே உட்கார்ந்திருக்கிறது. கூட்ட நேரத்தில் அது தொல்லை கொடுக்காதிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். இது சோம்பலால் வந்ததன்று; பிழைப்பால் வந்தது. அதனால் பிழைப்புக்கு ஒத்துவரும் வழிகளையே சொல்லுகிறோம்.

வங்கிக் கணக்கும் கடை வரவு செலவும் உள்ள கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டாம். கொடுக்கும் கைப்பேசி தனியாக இருக்கட்டும். அதில் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளானால் ஸ்க்ரீன் டைம், இவற்றை அமைத்துவிட்டால் எதை, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கட்டணமில்லை. தெரியாதவர் கடை வேலை பார்க்கும் இளைஞரையோ, மூத்த மகளையோ கேட்டு அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் ஆகியவை 13 வயதுக்குட்பட்டோருக்கு இல்லை என்பது அந்நிறுவனங்களே வைத்த விதி. வயதைப் பொய்யாக எழுத நாம் துணை போகவேண்டாம். பிள்ளை கல்லாவுக்கு எதிரே, நம் கண்ணில் படும்படி உட்காரட்டும், பின்கட்டில் வேண்டாம். இரவில் வீட்டார் கைப்பேசிகள் யாவும், நம்முடையது உட்பட, கூடத்தில் ஒரே இடத்தில் உறங்கட்டும். நாம் சாப்பாட்டு நேரத்திலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை வேண்டாம் என்றால் அது எடுபடாது.

சிறு பிள்ளையை வீட்டிலோ காரிலோ தனியே விட்டு, "ஐந்து நிமிஷத்தில் வருகிறேன்" என்று போவதை அறவே நிறுத்தவேண்டும். தக்க கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வது 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி குற்றமும் ஆகும். பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார் என்பதை முன்கூட்டியே ஆசிரியருக்குச் சொல்லி வையுங்கள். புதிய ஆள் வந்தால் பிள்ளை கேட்கவேண்டிய இரகசியச் சொல் ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் தெரியாதவரோடு பிள்ளை ஓரடியும் நகரவேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காவல், நாளைக்குப் பத்து நிமிஷப் பேச்சு. இரவில் கடையைப் பூட்டியபின் கணக்குப் பார்ப்பது போலப் பிள்ளையோடும் உட்காருங்கள். "இன்று பள்ளியில் யார் உன்னைச் சிரிக்க வைத்தார்கள்? யார் உன்னை வருத்தினார்கள்? விளையாட்டில் புதிதாக யாரைச் சந்தித்தாய்?" என்று கேளுங்கள். போலீஸ் விசாரணை போலக் கேட்காமல், பழகிய வாடிக்கைக்காரரை விசாரிப்பது போலக் கேளுங்கள். எந்தப் பிள்ளை அத்தாவின் அடிக்கு அஞ்சுகிறதோ, அந்தப் பிள்ளையைத்தான் மிரட்டுகிறவன் எளிதில் பிடிக்கிறான். "வீட்டில் சொன்னால் உன்னையே அடிப்பார்கள்" என்பதே அவனுடைய ஆயுதம். அந்த ஆயுதத்தை நாம் அவன் கையில் கொடுக்கலாமா?

பள்ளிக்கும் சங்கத்துக்கும் உள்ள வேலை

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நம்மவர் போவது குறைவு. கடையை யார் பார்ப்பது என்பார்கள். ஆண்டில் ஓரிரு நாள் வேலையாளிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் வேண்டும். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். பகடிவதை நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்லவேண்டும்? சொன்னபின் எத்தனை நாளில் பெற்றோருக்குத் தெரிவிப்பீர்கள்? ஆலோசக ஆசிரியர் பிள்ளைகளைத் தனித்தனியே கண்டு பேச நேரம் இருக்கிறதா? நம் பிள்ளை வதைக்கப்பட்டதா என்று கேட்பதோடு நில்லாமல், நம் பிள்ளை யாரையேனும் வதைக்கிறதா என்றும் கேட்கவேண்டும். ஒதுங்கியே இருக்கிற, திடீரென்று கோபம் கொள்கிற, தூக்கமில்லாத பிள்ளை ஆசிரியர் கண்ணுக்கும் பெற்றோர் கண்ணுக்கும் ஒருசேரப் படவேண்டும். ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லாவிட்டால், இரண்டு கண்ணும் இருந்து பயனில்லை.

சங்கத்துக்கு நாம் சொல்லும் யோசனை ஒன்று. கடைத்தெருவில் நமக்கு ஏராளமான கடைகள் உண்டு. பயந்து ஓடிவரும் எந்தப் பிள்ளையும், எந்த இனத்துப் பிள்ளையும், நம் அங்கத்தினர் கடைக்குள் நுழைந்து, "அங்கிள், என்னை ஒருவன் தொடருகிறான்" என்று சொல்லலாம் என்ற நிலையை உண்டாக்குவோம். அப்படி வந்தால் பிள்ளையைக் கல்லாவின் அருகே, பலர் பார்க்க உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பெற்றோரையும் போலீஸையும் அழைக்கும் முறையை வேலையாட்களுக்கும் சொல்லி வைப்போம். காணாமற் போன பிள்ளையின் படத்தைப் போலீஸார் வெளியிட்டால், அன்றைக்கே கண்ணாடியில் ஒட்டுவோம். பிள்ளை கிடைத்ததும் எடுத்துவிடுவோம். நம் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமே அழிந்துவிடும். ஆகவே சம்பவம் கேள்விப்பட்டவுடன் அந்த நாள் பதிவை எடுத்து வைத்துப் போலீஸாரிடம் கொடுப்போம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, மனம் வேண்டும்.

முடிவாக ஒன்று. சரக்கு போனால் வேறு சரக்கு வாங்கலாம். கடை போனால் வேறு கடை பிடிக்கலாம். நம் முன்னோர் எத்தனையோ தரம் அப்படிப் பிடித்திருக்கிறார்கள். நாம் இத்தனை மணி நேரம் கடையில் நின்று உழைப்பது யாருக்காக? அந்தப் பிள்ளைக்காகத்தானே? ஆகவே இன்றிரவே கல்லாவைப் பூட்டியபின், பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருவோம்.